கட்சித் துண்டு போட்ட முயல்: ஒரு அனிமேஷன் இயக்குநருக்கு வழக்கறிஞரின் பதில்

கடிதம் நீளமானது, அதனால் சுருக்கித் தருகிறேன். அடையாளம் தெரியும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எழுதியவர் சென்னைக்காரர், வயது 41. வெளிநாட்டுக் குழந்தைகள் சேனல்களுக்கு கார்ட்டூன் தொடர் செய்து கொடுக்கும் ஒரு ஸ்டுடியோவில் அனிமேஷன் இயக்குநர். 14 வருடமாக அதே இடம், இப்போது அவர் டீமில் 18 பேர். இதற்கு நடுவில் ஐந்து வருடமாக, ராத்திரியிலும் சனி ஞாயிறிலும், பெயரும் முகமும் காட்டாமல் ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறார். வாரம் ஒரு அரசியல் அலசல், கூடவே இரண்டு நிமிட நையாண்டி அனிமேஷன். சேனல் வளர்ந்து கொஞ்சம் வருமானமும் வர ஆரம்பித்த நேரத்தில், குரலை வைத்து ஆபீஸில் கண்டுபிடித்துவிட்டார்கள். எச்.ஆரிடமிருந்து மெயில்: 15 நாளில் சேனலை மூடு, இல்லையென்றால் ராஜினாமா செய், அதோடு சேனலில் உள்ள அனிமேஷன் எல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம். இதே வாரம் தெரிந்த கட்சிக்காரர் ஒருவர், "வேலைய விட்டுட்டு வாங்க சார், மாசாமாசம் நாங்க பாத்துக்கிறோம், சேனல் உங்க பேர்லயே இருக்கட்டும்" என்கிறார். மனைவிக்கு, என்றைக்காவது போலீஸ் வாசலில் வந்து நிற்குமோ என்று பயம். மாமனார், எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் டெலிட் செய்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்கிறார். "பேச்சுரிமை அடிப்படை உரிமைதானே, கம்பெனி எப்படிக் கேட்கலாம்? இரண்டு தொடர்களை இயக்கியவன் நான், அதில் எனக்கு உரிமை இல்லையா? எதை விடுவது, எதைப் பிடிப்பது?" என்று முடிக்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், இன்னொன்றும் எழுதியிருக்கிறார். ஆபீஸ் தொடரில் வரும் முயல் கதாபாத்திரத்தின் ரிக் ஃபைலை (உருவத்தை அசைய வைப்பதற்கான எலும்புக்கூடு பூட்டிய ஃபைல்) வீட்டுக்கு எடுத்து வந்து, அதன் தோளில் கரைத்துண்டு போட்டு, மேடைப் பேச்சாளராக நடக்கவிட்டு ஒரு வீடியோ செய்தாராம். அவர் சேனலில் அதிகம் பேர் பார்த்ததும் அதுதானாம்.

நண்பரே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நாலு பக்கம் பயந்தது அரசியலைப் பற்றி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த முயல்.

ஏன் என்று சொல்கிறேன். அந்த முயலை நீங்களே வரைந்திருக்கலாம், அதற்கு எலும்பு பூட்டி, கண் சிமிட்ட வைத்து, நடக்கச் சொல்லிக் கொடுத்ததும் நீங்களாகவே இருக்கலாம். ஆனால் வேலையின் ஒரு பகுதியாக ஊழியர் செய்த படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, முதல் உரிமையாளர் முதலாளிதான் என்கிறது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. உங்களுடையது அவுட்சோர்சிங் ஸ்டுடியோ என்பதால் கதாபாத்திரம் அநேகமாக ஸ்டுடியோவுக்குக்கூடச் சொந்தமாக இருக்காது, வெளிநாட்டு கிளையன்ட்டுக்குத்தான். குழந்தைகள் சேனலின் முயல் கட்சித் துண்டு போட்டுப் பேசுவதைப் பார்த்தால் அவர்கள் யோசிக்கப்போவது நகைச்சுவை உணர்வைப் பற்றி இல்லை. உங்கள் ஸ்டுடியோவுடன் போட்ட ஒப்பந்தத்தைத்தான் எடுத்துப் புரட்டுவார்கள், அந்தச் சுமை அப்படியே கீழே இறங்கி உங்கள் மேஜைக்கு வரும்.

இது நையாண்டிதானே, விமர்சனத்துக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறதே என்று கேட்பீர்கள். 52-ஆவது பிரிவில் நியாயமான பயன்பாடு என்று இருக்கத்தான் செய்கிறது. 1996-இல் ஒரு நாடகத்தைக் கேலி செய்து எழுதிய எதிர்நாடகத்தை கேரள உயர் நீதிமன்றம் அந்த அடிப்படையில்தான் காப்பாற்றியது. ஆனால் அங்கே கேலிக்கு ஆளானது அந்த நாடகமே. நீங்கள் கிண்டல் செய்தது அரசியல்வாதியை, முயலையோ அந்தத் தொடரையோ இல்லை. முயல் உங்களுக்குக் கைக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். அந்த வசதிக்கு விலக்கு கிடைப்பது கஷ்டம்.

இதில் உங்கள் மனைவியின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 63-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை. அந்தக் குற்றத்தில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம், உரிமையாக ஜாமீன் கேட்டு வாங்கக்கூடிய குற்றமும் ஆகாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரும்பாலும் இப்படிப்பட்ட விவகாரங்கள் வக்கீல் நோட்டீஸோடும் பேச்சுவார்த்தையோடும் முடிந்துவிடும், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இருந்தாலும் முதலமைச்சரைக் கிண்டல் செய்த வீடியோவைவிட முயல் வீடியோதான் சட்டப்படி ஆபத்தானது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே இன்றைக்கே அந்த ஒரு வீடியோவை 'பிரைவேட்' ஆக்குங்கள். டெலிட் வேண்டாம். மாமனார் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் நோட்டீஸ் வந்த பிறகு ஐந்து வருட வீடியோக்களை ஒரே ராத்திரியில் அழித்தால் அது குற்றத்தை ஒப்புக்கொண்டு தடயத்தை மறைத்தது போலத்தான் தெரியும். அதைவிட முக்கியம், மற்ற வீடியோக்களை வீட்டில், சொந்தக் கம்ப்யூட்டரில், உங்கள் நேரத்தில் செய்தீர்கள் என்பதற்கான சாட்சியும் அதோடு போய்விடும். அந்த ப்ராஜெக்ட் ஃபைல்களில் பதிவாகியிருக்கும் தேதியும் நேரமும்தான் உங்கள் கேடயம்.

சேனல் யாருக்குச் சொந்தம்?

"எல்லாம் எங்களுக்கே" என்று எச்.ஆர். எழுதியதை அப்படியே நம்பாதீர்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து, அறிவுசார் சொத்து பற்றிய பத்தியில் ஒரு சொற்றொடரைத் தேடுங்கள். 'பணி தொடர்பாக உருவாக்கியவை' என்றிருந்தால் நீங்கள் வீட்டில் செய்த அரசியல் அனிமேஷன் அதற்குள் வராது. 'பணிக்காலத்தில் உருவாக்கிய எதுவும்' என்று அகலமாக வலை விரித்திருந்தால் வழக்காடத்தான் வேண்டும். வாதம் இருக்கிறது, ஆனால் பாதை நீளம். ஆபீஸ் லைசென்ஸில் ஓடும் சாஃப்ட்வேரை வீட்டில் பயன்படுத்தினீர்களா என்று கடிதத்தில் தெளிவாக இல்லை. பிளெண்டர் என்ற அனிமேஷன் சாஃப்ட்வேர் என்றால் பிரச்சினை இல்லை, அது எல்லாருக்கும் இலவசம். நிறுவனத்தின் லாகினில் திறந்திருந்தால் எந்தெந்த வீடியோ என்று பட்டியல் போட்டு வையுங்கள், உங்கள் வக்கீலுக்கு மட்டும். மதிய இடைவேளையில் ஆபீஸ் வைஃபையில் இரண்டு முறை அப்லோடு செய்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதனால் வீடியோ அவர்களுடையதாகிவிடாது. ஒழுங்கு நடவடிக்கைக்கு ஒரு சாக்கு கிடைக்கும், அவ்வளவுதான்.

இதன் மறுபக்கம் உங்களுக்குக் கசக்கும். நீங்கள் இயக்கிய இரண்டு தொடர்களில் உங்களுக்கு என்ன உரிமை? நம் சட்டத்தில் திரைப்படத்துக்கு 'ஆசிரியர்' தயாரிப்பாளர்தான், இயக்குநர் இல்லை. எனக்கும் இது நியாயமாகப் படவில்லை, ஆனால் சட்டம் இப்போது அப்படித்தான் இருக்கிறது. நீங்கள் கையால் வரைந்த ஸ்டோரிபோர்டுக்கும் கதாபாத்திர ஓவியங்களுக்கும் மட்டும் நீங்கள் ஆசிரியர். அவற்றின் உரிமை கைமாறியிருந்தாலும், வரைந்தது நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57-ஆவது பிரிவு உங்களிடமே விட்டு வைத்திருக்கிறது. வேலை தேடும்போது காட்டும் மாதிரி வீடியோவான ஷோரீலில் தொடரின் காட்சிகளைப் போட அனுமதி வேண்டும். வெளியே போவதாக இருந்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள், வாசல் தாண்டிய பிறகு யாரும் தரமாட்டார்கள்.

வேலையை விட்டு அனுப்ப முடியுமா?

பேச்சுரிமை பற்றிய உங்கள் நம்பிக்கை பாதி சரி. அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு முதன்மையாக அரசின் கையைக் கட்டுவது. தனியாருக்கு எதிராகவும் 19, 21 பிரிவுகளை நாடலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு பெரும்பான்மையாகச் சொன்னது உண்மைதான். ஆனால் நீங்களே படித்துக் கையெழுத்துப் போட்ட வேலை ஒப்பந்தத்தை அது தானாக அழித்துவிடாது. வேறு வேலையில் ஈடுபடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தால், வேலையில் இருக்கும் காலம் வரை அது செல்லும். 2022-இல் விப்ரோ இரட்டை வேலைக்காக 300 பேரை அனுப்பியது ஞாபகம் இருக்கும்.

அப்படியென்றால் கையைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதானா? இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என்று 1947-இலிருந்து ஒன்று இருக்கிறது, ஐ.டி. ஆட்களும் அனிமேஷன் ஆட்களும் அது ஏதோ மளிகைக்கடைக்கான சட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமலும் நீக்கக் கூடாது என்கிறது அதன் 41-ஆவது பிரிவு. தொழிலாளர் துறையில் மேல்முறையீடும் செய்யலாம். சிக்கல் என்னவென்றால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, '18 பேருக்கு மேலாளர்' என்று நிறுவனம் உங்களை அந்தப் பக்கம் தள்ளப் பார்க்கும். விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்பது முக்கியமில்லை. லீவு கொடுப்பது, சம்பள உயர்வு போடுவது, ஆள் எடுப்பது, நீக்குவது இதெல்லாம் உங்கள் கையில் இருந்ததா, அல்லது காலை முதல் மாலை வரை ஷாட் பார்த்துத் திருத்தம் சொல்வதுதான் உங்கள் வேலையா என்பதைத்தான் பார்ப்பார்கள். கடிதத்தைப் படித்தால் இரண்டாவது மாதிரிதான் எனக்குத் தெரிகிறது.

இந்த வழி அடைபட்டுப் போனால் மிஞ்சுவது சிவில் கோர்ட். அங்கே பொதுவாக வேலையைத் திரும்ப வாங்க முடியாது, நோட்டீஸ் காலச் சம்பளத்தை ஒட்டிய நஷ்டஈடுதான். ஆனாலும் எந்த வழியும் திறந்திருக்க வேண்டுமென்றால் நீங்கள் ராஜினாமா கடிதம் கொடுக்கக் கூடாது. "நல்லபடியா ரிலீவிங் லெட்டர் தர்றோம், கையெழுத்து மட்டும் போடுங்க" என்று ஒரு அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி எழுந்து வந்துவிடுங்கள்.

விலகிய பிறகு இரண்டு வருடம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று ஒரு பத்தி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி, வேலையை விட்ட பின் ஒருவர் பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ரகசியக் காப்பு மட்டும் தொடரும்.

அரசியல் பேச்சால் வரும் ஆபத்து

இப்போது மனைவியின் பயத்துக்கு வருகிறேன். அது வீண் பயம் இல்லை. 2017-இல் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்ததை ஒட்டி கார்ட்டூன் போட்ட ஜி. பாலா அந்த நவம்பரில் கைதானார். ஜாமீன் உடனே கிடைத்தது. வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரத்தானது 2021-இல். கடைசியில் வென்றார் என்பதும் உண்மை, அதற்கு மூன்றரை வருடம் ஆனது என்பதும் உண்மை. நீங்கள் கணக்குப் போட வேண்டியது அந்த மூன்றரை வருடத்தைத்தான்.

அவதூறு என்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆவது பிரிவு, இரண்டு வருடம் வரை வெறுங்காவல். ஆனால் அதில் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, பாதிக்கப்பட்டவர் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அமைச்சர் போன்றவர்களுக்காக அரசு வழக்கறிஞரே செஷன்ஸ் கோர்ட்டில் புகார் தருவதும் உண்டு. தமிழ்நாட்டில் அப்படிக் கொத்துக் கொத்தாகப் போட்ட வழக்குகள் பலவற்றை 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதிகாரிகளின் பொதுக் கடமையைப் பற்றிய விமர்சனத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியாது, பொய் என்று தெரிந்தோ உண்மையைப் பற்றிக் கவலையே படாமலோ எழுதியிருந்தால் ஒழிய, என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் நம்மூர் வழக்கில்தான், ஆட்டோ சங்கர் தொடர்பாக நக்கீரன் கோபால் போட்டது. மதம், சாதி பக்கம் போனால் கதை வேறு. பிரிவினரிடையே பகை மூட்டியதாக 196-ஆவது பிரிவு வரும், அதில் போலீஸ் நேரடியாக இறங்கலாம். அங்கேயும் மூன்று முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள பேச்சுக் குற்றங்களில், வழக்குப் பதியும் முன் பூர்வாங்க விசாரணை செய்வதே முறை என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விசாரணைக்கு வரச் சொல்லி எழுத்தில் நோட்டீஸ் வந்தால் ஓடி ஒளியாமல் வக்கீலோடு போங்கள். போகாமல் இருப்பதுதான் கைதுக்கு வழி விடும்.

உங்கள் வீடியோக்களின் தொடக்கத்தில் 'இதில் வருபவை அனைத்தும் கற்பனையே' என்று போடுகிறீர்கள். மீசை, கண்ணாடி, பேச்சு எல்லாம் அச்சு அசலாக வைத்துவிட்டு இப்படிப் போட்டால் கோர்ட் சிரிக்கும். யாரென்று பார்ப்பவருக்குத் தெரிந்தால் அது அவரைப் பற்றியதுதான். கேலிச்சித்திரம் வரைவதே தவறு என்று சொல்லவில்லை, அது தாராளமாகச் செய்யலாம். பாரதியார் தன் 'இந்தியா' பத்திரிகையில் கார்ட்டூன் போட்ட காலத்திலிருந்து நம்மிடம் இருக்கிற வழக்கம் அது. ஆனால் 'இன்னார் இத்தனை கோடி வாங்கினார்' என்று ஒரு தகவலாகச் சொல்லும் இடத்தில் மட்டும், அதற்கான ஆவணம் அப்லோடுக்கு முன்பே உங்கள் ஃபோல்டரில் இருக்க வேண்டும். தலைவர்களின் குரலை ஏ.ஐ. வைத்து அப்படியே உருவாக்குவதை விட்டுவிடுங்கள். மிமிக்ரி என்றால் கேட்பவருக்கு மிமிக்ரி என்று தெரியும், இது அப்படி இல்லை.

பெயரை மறைத்திருப்பது ரசிகர்களிடமிருந்து காப்பாற்றும், போலீஸிடமிருந்து காப்பாற்றாது. யூடியூப் பணம் உங்கள் பான் எண்ணில் உங்கள் வங்கிக் கணக்குக்குத்தானே வருகிறது? அந்த வருமானத்தைக் கணக்கில் காட்டவில்லை என்றால் ஆடிட்டரிடம் போய் முதலில் அதைச் சரி செய்யுங்கள். அரசியல் பேசுகிறவனை மடக்க அரசியல் வழக்குதான் வேண்டுமென்பதில்லை.

கட்சிக்காரர் தரும் வாய்ப்பு

இதில் நான் நடுநிலையாக இருக்கப் போவதில்லை, இப்போதிருக்கும் வடிவில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கட்சிக்கு வேலை செய்வது இழுக்கு என்பதால் இல்லை, அதுவும் ஒரு தொழில்தான், கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் 'சேனல் உங்க பேர்லயே இருக்கட்டும்' என்பதன் அர்த்தம், வழக்கு வந்தால் அதுவும் உங்கள் பேரிலேயே இருக்கட்டும் என்பதுதான். வாயால் சொன்ன மாதச் சம்பளம், ஸ்கிரிப்ட் அவர்களுடையது, அவதூறு வழக்கு உங்களுடையது. தேர்தல் நேரத்தில் இன்னும் சிக்கல். வேட்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அவருக்காகச் செலவு செய்வது தனிக் குற்றம். காசு கொடுத்து ஓடவிடும் சமூக ஊடக அரசியல் விளம்பரத்துக்குத் தேர்தல் ஆணையத்தின் முன்சான்று வேண்டும். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்கான தடைகளும் உண்டு.

செய்தே தீருவேன் என்றால் சேனலைத் தொடாதீர்கள். தனியாக ஒரு அனிமேஷன் சேவையாக, இன்வாய்ஸ் போட்டு, வங்கி வழியாகப் பணம் வாங்கி, கட்சியின் பெயரில் கட்சியின் பக்கத்தில் வெளியாகும் வீடியோக்களைச் செய்து கொடுங்கள். உள்ளடக்கத்தால் வரும் வழக்குச் செலவு அவர்களுடையது என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அந்த வரியைக் கேட்டதும் அவர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள், பாதி முடிவை அதுவே எடுத்துக் கொடுத்துவிடும்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, நீங்கள் எழுதவே இல்லை: ஸ்டுடியோவோடு பேசுவது. 14 வருட இயக்குநரை நடுத்தொடரில் இழப்பது அவர்களுக்கும் நஷ்டம். சேனலில் நிறுவனத்தின் பெயர், கிளையன்ட், கதாபாத்திரம் எதுவும் வராது, ஆபீஸ் நேரமும் கருவிகளும் தொடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்து, பதிலுக்கு எழுத்துப்பூர்வ அனுமதி கேளுங்கள். மறுத்தால், நடக்கிற தொடரை முடித்துக் கொடுத்துவிட்டு நாலைந்து மாதத்தில் விலகுகிறேன், ஷோரீல் அனுமதியும் முழு செட்டில்மென்ட்டும் வேண்டும், முயல் விவகாரம் உட்பட இருதரப்பும் மேற்கொண்டு எந்தக் கோரிக்கையும் வைக்கக் கூடாது என்று பேரம் பேசலாம். அந்தக் கடைசி ஷரத்து உங்களுக்குத் தங்கம். ஸ்டுடியோ கையெழுத்துப் போட்டால் கிளையன்ட்டைக் கட்டுப்படுத்தாது என்பதையும் மறக்க வேண்டாம், அதனால் கிளையன்ட் சார்பிலும் அவர்கள் உறுதி தர முடியுமா என்று உங்கள் வக்கீல் கேட்கட்டும்.

அந்த 15 நாளில் பாதி போயிருக்கும். நாளைக்கே எச்.ஆருக்கு நாலு வரிப் பதில் போதும்: மெயில் கிடைத்தது, எந்த ஷரத்தின் கீழ் கேட்கிறீர்கள், எந்தெந்த வீடியோக்களைச் சொல்கிறீர்கள் என்று விவரம் தாருங்கள், ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை, விரிவான பதிலுக்குக் கால அவகாசம் வேண்டும். முயலைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் வேண்டாம், கேட்டால் பொய்யும் வேண்டாம். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், அதன் பிறகு கையெழுத்துப் போட்ட எல்லா பாலிசி காகிதங்கள், அந்த மெயில் மூன்றையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் சட்டமும் பதிப்புரிமையும் பார்க்கிற ஒரு வழக்கறிஞரை இந்த வாரமே நேரில் பாருங்கள். கட்சிக்காரரின் போனை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.